நினைவுச் செப்பில் நிலையில்லாத முகம்

18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பாரிஸ் பொற்கொல்லர்களின் பட்டறைகளில் ஒரு சிறு பொருளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் தட்டையான பொன் செப்பு அது. உயரம் பெரும்பாலும் 8, 9 சென்டிமீட்டர். அகலம் அதில் பாதிக்குச் சற்று மேல். சட்டைப்பையில் போட்டால் துருத்திக்கொண்டு நிற்காத கனம். மேல்பகுதி கீலில் திறக்கும். உள்ளே மெல்லிய தந்தத் தகடுகள் சில, அவற்றில் எழுத ஒரு சிறு பென்சில். வெளிப்புறம் முழுக்க ஒளி ஊடுருவும் எனாமல். நீலம் மிகுதி, பச்சையும் கருஞ்சிவப்பும் உண்டு. முன்னும் பின்னும் நீள்வட்டச் சட்டங்கள். அவற்றுக்குள், கண்ணாடிக்கு அடியில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஓவியம்: ஒரு பெண்ணின் முகம், பலிபீடத்துக்கு மாலை சூட்டும் ஒரு கன்னி, அல்லது ஒரு ஜோடிப் புறா. சட்டத்தை ஒட்டிப் பொன்னிலோ பொடி வைரங்களிலோ பதித்த எழுத்துகள், ஒரு பக்கம் 'சுவெனீர்', மறுபக்கம் 'தமித்தியே'. நட்பின் நினைவாக என்று பொருள்.

இத்தகைய செப்பு அருங்காட்சியகப் பேழையில் இருந்தாலும் ஏலக்கடையின் விற்பனைப் பட்டியலில் இருந்தாலும், பார்ப்பவர் கண் முதலில் போவது அந்த முகத்துக்குத்தான். முகத்திலிருந்து கதை பிறக்கிறது. இவள் யார், இவளை யார் நேசித்தார், பிரிவுக்கு முன் கொடுத்ததா, திருமணத்தின்போதா? பொன்னும் எனாமலும் அந்த முகத்தைக் காக்க வந்த உறை மட்டுமே என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த வாசிப்பு தலைகீழானது என்றே எனக்குப் படுகிறது. செப்பின் உறுப்புகளில் எளிதில் கழற்றக்கூடியது, முதலில் மங்கக்கூடியது, மற்றவை முடிந்த பிறகும் வந்து சேரக்கூடியது முகம்தான். அதற்கென ஓர் இடத்தை ஒழித்துவைத்தே செப்பைச் செய்தார்கள். உணர்வு இல்லாத பொருள் என்று சொல்ல வரவில்லை. அந்த உணர்வு கொடுத்தல், வாங்கல் என்ற செயலில் இருந்தது. யாருடைய சாயல் உள்ளே இருக்கிறது என்பதில் அவ்வளவாக இல்லை. ஆகவே இப்பொருளை முகத்திலிருந்து தொடங்கிப் படித்தால் பெரும்பாலும் ஏமாறுவோம்.

முதல் சான்று செய்முறையே. எனாமல் என்பது உலோக ஆக்சைடுகளால் நிறமேற்றிய கண்ணாடித் தூள்; நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு. அதை நீர்விட்டு மைபோல அரைத்துப் பொன்தகட்டின் மேல் பரப்பி, உலரவிட்டு, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் சில நிமிடம் வைத்தெடுப்பார்கள். ஒரு தடவையில் முடியாது. பரப்புவதும் சுடுவதும் அடுக்கடுக்காக நடக்கும், பிறகு கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். எனாமல் ஏறுவதற்கு முன்பே பொன்தகட்டில் கடைசல் இயந்திரத்தால் அலைகளையும் கதிர்களையும் மயிரிழைக் கோடுகளாக இழுத்துவிடுவார்கள். பள்ளத்தில் எனாமல் தடித்து நிறம் ஆழ்கிறது, மேட்டில் மெலிந்து பொன் மின்னுகிறது. செப்பை லேசாகச் சாய்த்தால் நீலத்துக்குள் அலை ஓடுவது இதனால்தான். அடியிலுள்ள பொன் மாற்றுக் குறைந்ததாக இருந்தால் அதிலுள்ள செம்பு உலைச் சூட்டில் கறுத்து நிறத்தைக் கலக்கிவிடும். தகடுகளை இணைத்த பற்று அந்தச் சூட்டைத் தாங்கியாக வேண்டும். கீல், விளிம்பு, சட்டம் எல்லாம் உலைக்குப் போகும் முன்பே அமைந்துவிட வேண்டும். ஒரு மூலையில் எனாமல் தெறித்துவிட்டால் முழுச் செப்பையும் மறுபடி சூட்டில் வைக்கத் துணிய வேண்டும். அதற்கு அஞ்சியே பிற்காலப் பழுதுகள் பலவும் வெறும் அரக்குப் பூச்சாக நின்றுவிட்டன. திருத்தவோ பின்வாங்கவோ இடமில்லாத வேலை இது.

அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் முகத்தின் நிலை வேறு. பெரும்பாலும் அது தந்தத்தில் தீட்டிய நீர்வண்ணம். தந்தத்தை மெல்லிய சீவலாக அறுத்து, எண்ணெய்ப்பசை போக்கி, நுரைக்கல்லால் தேய்த்து, பிசின் கலந்த வண்ணத்தைப் புள்ளிகளாலும் நுண்கோடுகளாலும் ஏற்றுவார்கள். தந்தத்தின் இயல்பான வெளுப்பே தோலின் ஒளியாகிவிடும். 1700ஐ ஒட்டி இந்த வழியை வெனிஸ் நகரப் பெண் ஓவியர் ரொசால்பா கார்ரியேரா பொடி டப்பி மூடிகளில்தான் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1720-21இல் அவர் பாரிஸில் தங்கியபோது நகரமே அவர் கலையைக் கொண்டாடியது. அழகான வழிதான், ஆனால் நிலையற்றது. கன்னத்துக்கும் உதட்டுக்கும் இடும் கருஞ்சிவப்புச் சாயங்கள் வெளிச்சத்தில் மங்கும். ஈரப்பதம் மாறினால் தந்தம் வளையும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் விளிம்பை நெகிழ்த்தினால் ஓவியம் கையோடு வந்துவிடும். ஆக, பின்னணி நீலம் இருநூறு ஆண்டு கழித்தும் அப்படியே இருக்க, நினைவில் நிற்க வேண்டிய முகம் வெளிறிப்போகிறது.

வேறு வழி இல்லாததால் இப்படிச் செய்தார்களா என்று ஒருவர் கேட்கலாம். வழி இருந்தது. ஷத்தோதன் ஊரின் ழான் தூத்தான் 1630களை ஒட்டி எனாமல் பரப்பின் மேலேயே எனாமல் வண்ணங்களால் ஓவியம் தீட்டிச் சுடும் முறையைச் செம்மையாக்கினார். ஜெனீவாவில் பிறந்த ழான் பெத்தித்தோ அதே முறையில் 14ஆம் லூயியின் முகத்தை எத்தனையோ தடவை தீட்டினார். அவர் 1691இல் இறந்துவிட்டார், அவர் தீட்டிய முகங்களின் நிறம் இன்றும் கலங்கவில்லை. சாயலை நிலைநிறுத்துவதே நோக்கமென்றால் நினைவுச் செப்பு இந்த வழியைத்தான் பிடித்திருக்க வேண்டும். செப்புக்கு எனாமல் ஏற்றுவதற்கென்று கைதேர்ந்தவர்கள் பாரிஸில் இருக்கவே செய்தார்கள். ஆனால் அந்த அழியாத கலையைப் பின்னணிக்குக் கொடுத்து, அழியும் கலையை முகத்துக்கு ஒதுக்கினார்கள். செலவும் அவகாசமும் இதற்குக் காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்தக் காரணமே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. யார் வாங்கப்போகிறார், யாருக்குக் கொடுக்கப்போகிறார் என்று தெரியாமலேயே செப்பைச் செய்து முடிக்க முடிந்தது. முகம் பிறகு வரும், அல்லது பொதுவான ஒரு புறாவோடு நின்றுவிடும்.

விற்பனை நடந்த விதமும் அப்படியே. சிதே தீவின் கரையிலும் தொஃபின் சதுக்கத்திலும் பொற்கொல்லர்கள் செய்தார்கள். ஆனால் நாகரிகம் தெரிந்த வாடிக்கையாளர் சென்றது பெரும்பாலும் அலங்காரப் பொருள் வணிகர்களிடம். அவர்களில் ஒருவரான லாசார் துய்வோவின் 1748 முதல் 1758 வரையிலான கணக்கேடு பிழைத்துக் கிடந்து 1873இல் அச்சேறியது. 15ஆம் லூயியின் காதலி மதாம் பொம்பதூர் அதில் முதன்மையான வாடிக்கையாளர். புதியது விற்றது மட்டுமல்ல, பழையதைப் பழுது பார்த்தது, ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் பொருத்தியது என்று அந்த ஏட்டில் வரிவரியாக வருகிறது. சேன் ஆற்றின் இடக்கரையில் கிரான்ஷே நடத்திய 'சின்ன டன்கிர்க்' கடை பிற்பாடு இதைவிடப் பரந்த கூட்டத்தை இழுத்தது. பாரிஸின் தெருவாழ்க்கையை எழுதிய லூயி செபஸ்தியன் மெர்சியே அதையும் விட்டுவைக்கவில்லை. நட்பின் நினைவாக என்று எழுத்துப் பதித்த செப்பு இத்தகைய கடைகளில் தயாராக வாங்கத்தக்க சரக்கு. யாருடைய நட்பு என்று அதில் இல்லை. ஓவியங்களின் கருப்பொருளும் அதே தன்மையது. நட்பின் பலிபீடம், அதன்மேல் எரியும் இரு இதயம், விசுவாசத்துக்கு நாய், அன்புக்குப் புறா, மாலை தொடுக்கும் வெள்ளுடைப் பெண்: அந்தத் தலைமுறையின் உணர்ச்சிப் பெருக்கு முழுவதும் ஒரு சிறு படத்தொகுப்பாகச் சுருங்கி, செப்புக்குச் செப்பு மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளேயிருக்கும் தந்தத் தகடுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவற்றில் பென்சிலால் எழுதியதை ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தால் போய்விடும். நாளைய விருந்துக்கும் நாட்டியத்துக்கும் இடம் வேண்டுமே. நினைவின் பெயரால் விற்ற பொருளின் வயிற்றுக்குள் இருந்தது எழுதி அழிக்கும் பலகை.

செப்பில் மாறாமல் நிலைத்த நினைவு ஒன்று உண்டென்றால், அதைப் பதித்தது அரசின் வரித்துறையும் பொற்கொல்லர் சங்கமும். பாரிஸ் சங்கத்தில் பட்டம்பெற்ற ஆசான்கள் 300 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஒவ்வோர் ஆசானுக்கும் முடிசூடிய அல்லிப்பூவும், இரண்டு புள்ளியும், பெயரின் முதலெழுத்துகளும், தனக்கே உரிய ஒரு சின்னமும் சேர்ந்த முத்திரை உண்டு. வேலை அரைகுறையாக இருக்கும்போதே அவர் தம் முத்திரையைக் குத்தி வரிக் குத்தகைதாரரின் அலுவலகத்துக்குக் கொண்டுபோவார். அங்கே, இந்தப் பொருளுக்கு வரி பாக்கி என்பதற்கான முத்திரை விழும். அடுத்து சங்க மாளிகையில் மாற்று உரைத்துப் பார்த்து அந்த ஆண்டுக்குரிய எழுத்தைக் குத்துவார்கள். சிறு பொன்பொருள்களுக்கு 1721 முதல் 20¼ காரட் போதும் என்று சலுகை. வேலை முழுவதும் முடிந்து, வரி கட்டிய பிறகு, கடுகளவு இன்னொரு முத்திரை, வரி தீர்ந்தது என்பதற்கு. குத்தகைதாரர் மாறும்போதெல்லாம் முத்திரையும் மாறும். ழான் ழாக் பிரெவோ 1762 முதல் 1768 வரை, அவருக்குப் பின் ழூலியன் அலாத்தேர், பிறகு ஃபூவாஷ், கிளாவெல் என்று வரிசை தெளிவாக இருக்கிறது. விளிம்பின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் செய்தவர் பெயரையும் செய்த ஆண்டையும் பல வேளைகளில் சொல்லிவிடலாம். மறுபுறத்தில் சிரிக்கும் பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது. அன்பின் சின்னத்தைவிட வரி ரசீது நம்பகமான சாட்சியாகிப்போனது வேடிக்கைதான்.

அரண்மனை வழக்கம் இந்தப் போக்கை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. தன் முகத்தைச் சுற்றி வைரம் பதித்துத் தூதர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுக்கும் முறையை 14ஆம் லூயி பெரிய அளவில் நடத்தினார். பெத்தித்தோவின் அரச முகங்கள் பல இவ்வழியில் வெளியே போனவை. வைரத்தோடு முழுமையாக இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. காரணம் எளிது. வாங்கியவர்கள் கல்லைக் கழற்றி விற்றார்கள். அடுத்த நூற்றாண்டில் பொன் பெட்டிகள் அந்த இடத்தைப் பிடித்தபோது இது வெட்கப்பட வேண்டிய காரியமாகவே தோன்றவில்லை. பரிசு பெற்ற தூதர் பெட்டியை அரசாங்க நகைவணிகரிடமே திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வார், அதே பெட்டி இன்னொரு முகத்தோடு இன்னொருவருக்குப் போகும். நம்மூர் நகைக்கடையில் பழைய நகையை மாற்றும்போது செய்கூலியும் சேதாரமும் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அரசப் பரிசோ, செய்கூலி பெரிதாகக் குறையாமல் சுற்றிவரக்கூடிய நாணயம்போல இருந்தது. இந்தச் சுழற்சிக்கு முகம் கழற்றத்தக்கதாக இருந்தாக வேண்டும். 16ஆம் லூயி காலத்தில் லூயி மரி சிகார் என்ற சிகார்தி வெளியுறவுத் துறையின் பரிசுகளுக்காக அரசரின் முகத்தை அடுத்தடுத்துத் தீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அரசர் ஒவ்வொரு தடவையும் எதிரில் வந்து உட்காரவில்லை. முகமும் கையிருப்புச் சரக்குதான்.

அந்தச் சரக்கில் ஒன்றின் வரலாறு நமக்கு முழுமையாகத் தெரியும். 1785இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பாரிஸை விட்டுப் புறப்பட்டபோது 16ஆம் லூயி அவருக்குத் தம் முகம் தீட்டிய சிற்றோவியம் ஒன்றைக் கொடுத்தார். ஓவியம் சிகார்தியுடையது, சுற்றி 408 வைரங்கள். முடியரசின் பரிசு குடியரசின் தூதரை வாங்கிவிடுமோ என்ற கவலை அமெரிக்காவில் அப்போதே இருந்தது. பிராங்க்ளினுக்கு முன்பு சக தூதர் ஆர்தர் லீ தமக்குக் கிடைத்த பொன் பெட்டியை வைத்துக்கொள்ளலாமா என்று நாட்டுப் பேரவையைக் கேட்டிருந்தார். 1787இல் எழுதிய அரசமைப்பு, பேரவையின் ஒப்புதல் இன்றி அயல்நாட்டு அரசர்களிடம் பரிசு வாங்கக்கூடாது என்று பதவியிலிருப்போரைத் தடுத்தது. 1790இல் இறந்த பிராங்க்ளின், ஓவியத்தை மகள் சாரா பேச்சுக்கு எழுதிவைத்து, அந்த வைரங்களை எடுத்துத் தனக்கோ தன் மகள்களுக்கோ நகையாக்கிவிடக்கூடாது, நகை மோகத்தை இந்த நாட்டில் புகுத்தக்கூடாது என்று உயிலில் கேட்டுக்கொண்டார். சாரா அந்தச் சொல்லை மீறவில்லை, எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினார். நகையாகச் செய்யவில்லை, வெளிவட்டத்து வைரங்களை விற்று, 1792இல் கணவரோடு இங்கிலாந்துக்குப் பயணம் போய்வந்தார். தந்தையின் கூர்மை மகளுக்கும் வந்திருந்தது என்று நினைத்துக்கொள்ளலாம். பின்வந்த தலைமுறைகளில் மற்ற வைரங்களும் பெரும்பாலும் போய்விட்டன. எஞ்சிய ஓவியம் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் இருக்கிறது.

இந்த உதாரணமே என் வாதத்தைக் கவிழ்க்கிறது என்று ஒருவர் சொல்லலாம். வைரம் போனது, முகம்தானே நின்றது? நியாயமான எதிர்ப்பு, அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் யாருடைய நினைவுக்காக அது நின்றது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அக்குடும்பத்தில் 16ஆம் லூயியின்மீது பாசம் கொண்டவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் காத்தது பிராங்க்ளின் கைக்கு வந்த பொருளை. அதிலிருந்த முகம் சிகார்தியின் கையிலிருந்து வரிசையாக வெளிவந்த படிகளில் ஒன்று. அங்கே வேறொரு படியை வைத்திருந்தாலும் குடும்பத்துக்கு அந்தப் பொருளின் அருமை குறைந்திருக்காது. கொடுத்தவர், வாங்கியவர், கொடுத்த வேளை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை நினைவுப் பொருளாக்கின. அந்த மூன்றில் எதையும் ஓவியம் நமக்குச் சொல்வதில்லை, காகிதங்கள் சொல்கின்றன. காகிதம் இல்லாத செப்புகளில் நாம் முகத்தைப் பார்த்து ஊகிப்பதெல்லாம் வெறும் ஊகமே.

இதைவிட வலுவான எதிர்ப்பு தலைமுடியிலிருந்து வருகிறது. சில செப்புகளில் ஒரு பக்கச் சட்டத்தில் ஓவியமும் மறுபக்கச் சட்டத்தில் பின்னிய முடிக்கற்றையும் இருக்கும்; முடியின்மேல் பொன் கம்பியால் வளைத்த இரண்டு எழுத்து, மேலே கண்ணாடி. முடியைக் கடையில் தயாராக வாங்க முடியாது, அது ஓர் உயிருள்ள உடலிலிருந்து வெட்டியது. இங்கே நான் விட்டுக்கொடுக்கிறேன்: இத்தகைய செப்பு ஒரு குறிப்பிட்ட ஆளுக்காகவே நிறைவு பெற்றது. ஆனாலும் இரண்டு சட்டமும் ஒரே அளவு, ஒரே விளிம்பு, ஒரே கண்ணாடி. ஓவியத்தைப் போடவிருந்த இடத்தில் முடியைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். முகத்தைவிட முடி நெருக்கமான சான்று என்று கொடுத்தவர்களே கருதியிருக்கிறார்கள் என்றுகூட இதைப் படிக்கலாம். சாயலில் நம்பிக்கை போதாமல் உடலின் ஒரு துணுக்கைத் துணைக்கு அழைத்ததைப் போல இருக்கிறது. தயார்நிலைப் பொருள் என்பதால் அன்பு பொய் என்றாகிவிடாது என்பதையும் முடிக்கற்றைகள் காட்டுகின்றன. கடையில் அச்சடித்த வாழ்த்து அட்டையில் கையெழுத்திட்டு அனுப்புபவரின் அன்பை நாம் சந்தேகிப்பதில்லை. அட்டையிலுள்ள ரோஜாப்பூவை அவர் வீட்டுத் தோட்டத்தில் தேடாமல் இருந்தால் போதும்.

இன்னொரு வாதமும் உண்டு. பொன் எப்போது வேண்டுமானாலும் உருக்கத்தக்கது. 1759இல் போர்ச் செலவுக்காக 15ஆம் லூயி வெள்ளிப் பாத்திரங்களை நாணயச் சாலைக்கு அனுப்பச் சொன்னார். 1789 செப்டம்பர் 7 அன்று ஓவியர், சிற்பிகள் வீட்டுப் பெண்கள் சிலர் வெள்ளாடை உடுத்தி வெர்சாய்க்குச் சென்று, தேசக் கடனுக்காகத் தங்கள் நகைகளைத் தேசிய மன்றத்தின் முன் வைத்தார்கள். சிற்பி மொவாத்தின் மனைவி அதெலாய்த் இதற்கு முன்னின்றார். இத்தனை உலைகளைத் தாண்டி ஒரு செப்பு தப்பியதென்றால் அன்புதானே காத்திருக்கும் என்று கேட்கிறார்கள். சிலவற்றை அன்பு காத்திருக்கலாம். பெரும்பாலானவற்றைக் காத்தது 19ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்களின் ஆசை. லூவருக்கு 1874இல் லெனுவார் தம்பதியின் தொகுப்பு போனது. ஹெர்ட்ஃபோர்டு பிரபுவும் வாலஸும், பல நாடுகளில் ரோத்ஷில்டு குடும்பமும் அள்ளிச் சேர்த்தார்கள். அவர்கள் பார்த்தது வேலைப்பாட்டை, ஆசான் முத்திரையை, அரசவை மணத்தை. எளிய குடும்பங்கள் உண்மையான பாசத்தோடு வைத்திருந்த மெல்லிய, மலிவான செப்புகளே முதலில் உருகியிருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. இந்தப் பொருளுக்குச் சந்தையிலிருந்து இன்றும் விடுதலை இல்லை: இங்கிலாந்தின் வாடஸ்டன் மாளிகையிலிருந்து 2003 ஜூனில் நூற்றுக்கு மேற்பட்ட பொன் பெட்டிகளும், பாரிஸின் கொன்யாக் ழே அருங்காட்சியகத்தில் 2024 நவம்பரில், பட்டப்பகலில், கோடரியோடு வந்தவர்களால் சில பெட்டிகளும் கொள்ளை போயின.

ஷுவாசெல் பெட்டியைச் சொல்லாமல் இந்த விவாதம் முழுமையாகாது, ஏனென்றால் அதுதான் எதிர்த்தரப்பின் ஆகச்சிறந்த சாட்சி. நினைவுச் செப்பல்ல, பொடி டப்பி. பொற்கொல்லர் லூயி ரூசெல், ஓவியர் லூயி நிக்கோலா வான் பிளாரென்பெர்க், ஆண்டு 1770-71. வெளியுறவு அமைச்சராயிருந்த ஷுவாசெல் பிரபுவின் ரிஷெலியூ தெரு மாளிகையின் அறைகளைப் பெட்டியின் பக்கங்களில் தீட்டியிருக்கிறார்கள். 8 சென்டிமீட்டர் நீளப் பரப்பில் அறையின் சுவரும், சுவரில் ஓவியங்களும், அந்த ஓவியங்கள் எவை என்று அடையாளம் காணுமளவுக்கு நுணுக்கமும். பெட்டி முத்திரை பெற்ற காலத்திலேயே, 1770 டிசம்பர் 24 அன்று ஷுவாசெல் பதவி பறிக்கப்பட்டு ஷான்தலூப் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். 1772இல் அவருடைய ஓவியங்கள் ஏலம் போயின. பெட்டியில் இருப்பதோ கலைந்துபோன ஒரு வீட்டின் பட்டியல். மாற்றத்தகாத, ஒருவருக்கே உரிய படம் என்றால் இதுதான், ஐயமில்லை. ஆனால் விதிவிலக்கு எவ்வளவு செலவில் சாத்தியமானது என்பதையும் பார்க்க வேண்டும்: நாட்டின் முதன்மை அமைச்சரும், அந்த வகையில் ஈடில்லாத ஓவியரும் தேவைப்பட்டார்கள். அப்போதும் ரூசெல் செய்தது ஓவியங்களைக் கண்ணாடிக்கு அடியில் பொருத்தும் பொன் கூண்டைத்தான். அந்தக் கூண்டு அமைப்பு பாரிஸ் பட்டறைகளின் பொது வழக்கு. பழைய அரக்குப் பலகையோ ஓவியமோ எது கிடைத்தாலும் அதற்குள் பொருத்தி விற்கலாம். 1779இல் ஆசான் பட்டம் பெற்று, புரட்சியையும் கடந்து நெப்போலியன் காலத்திலும் பொன் பெட்டி செய்துகொண்டிருந்த அத்ரியன் வஷெத் இப்படிப் பழையதைப் புதியதில் பொருத்துவதில் பேர்போனவர். அவர் காலத்தில் முகங்கள் அரசரிலிருந்து பேரரசருக்கு மாறின, சட்டத்தின் அமைப்பு அப்படியே இருந்தது.

சங்கங்கள் 1791இல் ஒழிந்து, 1797இன் சட்டத்தோடு புதிய முத்திரை முறை வந்தபின் பழைய செப்புகள் பழம்பொருளாகத் தொடங்கின. விலை ஏற ஏற, முகமற்ற செப்புக்கு முகமும், பெயரற்ற முகத்துக்குப் பெயரும் வந்து சேர்ந்தன. மங்கிய சீமாட்டியை எடுத்துவிட்டு மரி அந்துவானெத்தையோ துய் பாரியையோ புதிதாகத் தீட்டி வைத்தால் வாங்குபவர் கண் கலங்குவார். முத்திரைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பது உண்மைதான்; ஹனாவ் நகரிலும் ஜெனீவாவிலும் பாரிஸ் முத்திரையைப் போலத் தோன்றும் முத்திரைகளைக் குத்தி விற்றிருக்கிறார்கள். பிரான்சையும் சுவிட்சர்லாந்தையும் சேர்ந்தவை என்று நெடுநாள் எண்ணியிருந்த பல பெட்டிகள் உண்மையில் ஜெர்மனியின் ஹனாவில் செய்தவை என்று லோரென்ஸ் ஜேலிக் 2015இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. ஆனால் அந்த ஏமாற்றைப் பிடித்ததும் முத்திரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட வேலைதான். ஓவியங்களின் சிரிப்பை வைத்து யாரும் பிடித்துவிடவில்லை. பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் பதிவேட்டில் பொன் வேலைக்கு ஓர் ஆண்டும், எனாமலுக்கு ஒரு கையும், சிற்றோவியத்துக்கு வேறு காலமும் என்று தனித்தனியே குறிக்கப் பழகிவிட்டன. பார்வையாளருக்கு எழுதிவைக்கும் அட்டையில் மட்டும் இந்தப் பிரிவினை பெரும்பாலும் காணாமல் போய், மூன்றும் ஒரே காதலின் ஒரே நாளில் பிறந்தவையாகி விடுகின்றன. பதிவேட்டிலுள்ள மூன்று தேதியையும் அந்த அட்டையில் அப்படியே போட்டுவிடலாம். இடம் போதவில்லை என்ற சாக்கு செல்லாது. வான் பிளாரென்பெர்க் 8 சென்டிமீட்டரில் ஒரு மாளிகையை அடக்கினார்.